நாய்க்கு ஊசி: மூவாயிரம் வருஷக் கதையும் ஐம்பது வருஷ வரலாறும்

போன ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டு ஜிம்மி கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வரவில்லை. பால் பாக்கெட் சத்தம் கேட்டால் முதல் ஆளாக வாசலுக்கு ஓடுகிறவன். குனிந்து பார்த்தால், முன்னங்கால் இரண்டையும் ஊன்றி வரப் பார்க்கிறான், பின்பகுதி தரையோடு இழுபடுகிறது. ஜிம்மி டாக்ஸ்ஹண்ட் ஜாதி. உடம்பு நீளம், கால் குட்டை. இந்த ஜாதிக்கு முதுகெலும்பு வட்டு விலகுவது அடிக்கடி வரும் பிரச்சினை என்பது எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

போர்வையில் சுற்றி, அம்பத்தூரிலிருந்து ஆட்டோ பிடித்து, வழக்கமாகப் போகும் டாக்டரம்மாவிடம் கொண்டு போனோம். அவர் ஜிம்மியின் பின்னங்கால் விரலை ஒரு இடுக்கியால் அழுத்திப் பிடித்தார். அவன் திரும்பிப் பார்த்து வீல் என்று கத்தினான். எனக்கு வயிறு கலங்கிவிட்டது. டாக்டரம்மா, "கத்துறான்ல, நல்லதுங்க" என்றார்.

அப்புறம் விளக்கினார். விரலை அழுத்தும்போது காலை இழுத்துக்கொண்டால் மட்டும் போதாது. அது தண்டுவடமே செய்யும் அனிச்சைச் செயல். தலையைத் திருப்ப வேண்டும், கத்த வேண்டும், கடிக்க வர வேண்டும். அப்போதுதான் வலி மூளை வரை போகிறது என்று அர்த்தம். வலி தெரிகிற நாய் எழுந்து நடக்க நல்ல வாய்ப்பு உண்டு. வலி தெரியாமல் போய்விட்டால் மணிக்கணக்குதான், அறுவை சிகிச்சை செய்தாலும் பாதிக்குப் பாதி. ஜிம்மிக்கு நாலிலிருந்து ஆறு வாரம் கூண்டு ஓய்வு, மாத்திரை, மோசமானால் உடனே ஆபரேஷன் என்று முடிவானது. கடைசியாக, "விருப்பப்பட்டா அக்குபங்சரும் சேத்துக்கலாம். நான் அதுக்குப் பயிற்சி எடுத்திருக்கேன். ஆனா இதுக்கெல்லாம் பதிலா இல்ல, இதோட சேத்து" என்றார்.

அன்று சாயங்காலமே ஆவடியில் இருக்கும் எங்கள் சித்தி வாட்ஸ்அப்பில் ஒரு நோட்டீஸ் அனுப்பினார். செல்லப் பிராணிகளுக்கு மருந்தில்லா ஊசி மருத்துவம். 5000 ஆண்டுப் பாரம்பரியம். அதற்குக் கீழே ஒரு வரி: இலங்கையில் கிடைத்த 3000 ஆண்டு பழமையான ஓலைச்சுவடியில் யானைகளுக்கான அக்குபங்சர் புள்ளிகள் உள்ளன.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். ஒரு பெரிய எண்ணைப் பார்த்தால் அது எங்கிருந்து வந்தது என்று தேடாமல் தூக்கம் வராது. ஜிம்மி கூண்டில் கிடந்த ஆறு வாரமும் ராத்திரியில் இதைத்தான் தோண்டிக்கொண்டிருந்தேன். எடுத்த குறிப்புகள் ஆறு மாதத்துக்கு மேல் நோட்டிலேயே கிடந்தன. இப்போது ஏன் எழுதுகிறேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

யானைச் சுவடி எங்கே?

இந்த யானைச் சுவடியை ஆவடி நோட்டீஸ் அடித்தவர் கண்டுபிடிக்கவில்லை. கால்நடை அக்குபங்சர் பற்றிய ஆங்கிலப் புத்தகங்களின் முன்னுரைகளில் பல பத்தாண்டுகளாக அது உலவிக்கொண்டிருக்கிறது. ஒருவர் இன்னொருவரைக் காட்டுகிறார், அவர் மூன்றாமவரைக் காட்டுகிறார். நான் பார்த்த வரைக்கும் ஒருவராவது சுவடியின் பெயரையோ, அது இருக்கும் நூலகத்தையோ, படித்துப் பதிப்பித்தவரையோ சொல்லவில்லை.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 3000 ஆண்டுக்கு முன்னால் என்றால் ஏறக்குறைய கி.மு. 1000. இலங்கையில் எழுத்து இருந்ததற்கு நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய தடயங்களில் அனுராதபுரம் அகழாய்வில் கிடைத்த பிராமி எழுத்துள்ள பானை ஓடுகள் முக்கியமானவை. அவற்றைப் பொதுவாகக் கி.மு. 4ஆம் நூற்றாண்டை ஒட்டி வைக்கிறார்கள். எழுத்தே இல்லாத காலத்தில் ஓலை எழுதியது யார்? போகட்டும், எழுதினார்கள் என்றே வைத்துக்கொள்வோம். நம் வெப்பத்துக்கும் கரையானுக்கும் ஓலை சில நூறு ஆண்டு தாங்கினாலே பெரிது. அதனால்தான் நம் முன்னோர் திரும்பத் திரும்பப் படியெடுத்தார்கள்.

2001இல் டேவிட் ரேமி என்ற அமெரிக்கக் குதிரை மருத்துவரும், பால் புவெல் என்ற வரலாற்றாசிரியரும், வேறு சிலரும் சேர்ந்து, கால்நடை அக்குபங்சரின் பழமை பற்றிய கூற்றுகளை மூலநூல்களோடு ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதினார்கள். பழமைக்குச் சொல்லப்படும் ஆதாரங்கள் நிற்கவில்லை என்பது அவர்கள் முடிவு.

ஆனால் நெருப்பில்லாமல் புகையாது. இலங்கைக்கும் விலங்கு மருத்துவத்துக்கும் உண்மையிலேயே பழைய தொடர்பு உண்டு. 4ஆம் நூற்றாண்டில் ஆண்ட புத்ததாசன் என்ற மன்னன் வைத்தியம் தெரிந்தவன், வயிற்றில் கட்டி வந்த ஒரு பாம்புக்கே அறுவை செய்து குணப்படுத்தினான், யானைகளுக்கும் குதிரைகளுக்கும் மருத்துவர்களை நியமித்தான் என்று சூளவம்சம் சொல்கிறது. பாம்புக் கதையை எப்படி எடுத்துக்கொள்வது என்பது உங்கள் விருப்பம். யானைக்கும் குதிரைக்கும் தனி மருத்துவர் வைக்கும் பழக்கம் இருந்தது என்பதை மறுக்க வேண்டியதில்லை.

அதற்கும் 600 ஆண்டு முன்னால் அசோகனின் இரண்டாம் பாறைக் கட்டளை இருக்கிறது. சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர், தாம்பரபரணி நாடு வரைக்கும் மனிதருக்கும் விலங்குக்கும் மருத்துவ ஏற்பாடு செய்ததாகச் சொல்லும் கட்டளை அது. நம் மண்ணோடு சேர்த்து விலங்கு மருத்துவத்தைப் பேசும் மிகப் பழைய எழுத்துகளில் ஒன்று. அதில் மூலிகை வருகிறது, கிழங்கும் கனியும் வருகின்றன, அவை இல்லாத இடங்களில் கொண்டுவந்து நட்டதும் வருகிறது. ஊசி வரவில்லை.

குத்தக் கூடாத இடங்கள்

அப்படியானால் அந்த யானைப் படம் எங்கிருந்து வந்திருக்கும்? இலங்கைப் பாகர்கள் யானை உடம்பில் சில இடங்களை 'நில' என்று சொல்வார்கள். இலங்கைத் தேசிய அருங்காட்சியகங்களின் இயக்குநராக இருந்த பி.இ.பி. தெரணியகல, யானைகளைப் பற்றி 1955இல் வெளியிட்ட நூலில் இந்த இடங்களைப் பதிவு செய்திருக்கிறார். ஒரு இடத்தில் அழுத்தினால் யானை மண்டியிடும், இன்னொரு இடத்தில் அழுத்தினால் நிற்கும். சில இடங்களில் குத்தினால் மதம் பிடித்ததுபோல் ஆகும். சில இடங்கள் உயிருக்கே ஆபத்து.

அழுத்துவது எதை வைத்து? அங்குசத்தை வைத்து. சங்க இலக்கியம் 'தோட்டி' என்று சொல்லும் அதே கருவி. கேரளத்தில் நீளக் கம்பில் கொக்கி வைத்த கருவியை இன்றும் தோட்டி என்றுதான் சொல்கிறார்கள். யானையை அடக்கவும் திருப்பவும் பாகனுக்குத் தேவைப்பட்ட வரைபடம் இது. யானை உடம்பின் மேல் புள்ளி புள்ளியாக வைத்த ஒரு படத்தை அக்குபங்சர் தெரிந்த ஒருவர் பார்த்தால், அட, இது நம்ம சமாச்சாரம் என்று நினைப்பது இயல்புதான். புள்ளி ஒன்றுபோல் இருக்கிறது, வேலை வேறு.

இதே குழப்பம் மர்மம், வர்மம் விஷயத்திலும் நடக்கிறது. சுசுருத சம்ஹிதை மனித உடம்பில் 107 மர்மங்களைச் சொல்கிறது. எதற்காகச் சொல்கிறது? அறுக்கிற மருத்துவர் அந்த இடங்களில் கத்தி படாமல் பார்த்துக்கொள்வதற்காக. அங்கே காயம் பட்டால் என்ன ஆகும், எவ்வளவு நாளில் உயிர் போகும் என்று வகை பிரித்திருக்கிறது. குத்தக் கூடாத இடங்களின் பட்டியலைக் கொண்டுவந்து, பாருங்கள், அந்தக் காலத்திலேயே குத்தியிருக்கிறார்கள் என்றால் எப்படி?

யானை மருத்துவத்துக்கென்றே பாலகாப்பியர் பெயரில் 'ஹஸ்த்யாயுர்வேதம்' என்ற பெரிய சமஸ்கிருத நூல் இருக்கிறது. 1894இல் புனேயில் அச்சானது. பெருநோய், சிறுநோய், அறுவை, மற்றவை என்று நாலு பகுதி. தஞ்சாவூர் சரஸ்வதி மகால் நூலகம் பாலகாப்பியர் பெயரிலான 'கஜ சாஸ்திர'த்தைத் தமிழ் மொழிபெயர்ப்போடும் வண்ணப் படங்களோடும் 1958இல் வெளியிட்டது. யானை மருத்துவத்தில் பெருமைப்பட நமக்கு நிஜமாகவே புத்தகங்கள் இருக்கின்றன. இல்லாத சுவடி எதற்கு என்றுதான் எனக்குப் படுகிறது.

நம்ம ஊரில் இருந்தது சூடு

சரி, யானையை விடுவோம். அம்பத்தூரும் ஆவடியும் பூந்தமல்லியும் ஏரிப்பாசன ஊர்களாக இருந்த காலத்தில் ஒரு மாடு நொண்டினால் என்ன செய்தார்கள்?

பூந்தமல்லிப் பக்கம் பிறந்து வளர்ந்த, எண்பதைத் தாண்டிய ஒரு பெரியவரிடம் கேட்டேன். எங்கள் தெருவில் மகன் வீட்டில் இருக்கிறார். "சூடுதாம்ப்பா. சப்பை இறங்கிடுச்சுன்னா, காலு வரலன்னா, சூடு போடறவர் ஒருத்தர் வருவாரு. மாட்டைப் படுக்க வெச்சு நாலு பேரு அமுக்கிப்போம். கம்பிய அடுப்புல பழுக்க வெச்சு இழுப்பாரு. எங்க போடணும்னு அவருக்குத் தெரியும்." வேலை செய்ததா என்று கேட்டேன். "எழுந்துக்கற மாடு எழுந்துக்கும். எழுந்துக்காதது சந்தைக்குப் போயிடும்" என்றார்.

'நல்ல மாட்டுக்கு ஒரு சூடு' என்று பழமொழியே இருக்கிறது. அது 'சுவடு' என்பதன் திரிபு என்று சொல்பவர்களும் உண்டு. எது சரியாக இருந்தாலும், சூடு என்ற சொல் மாட்டோடு சேர்ந்து வந்தால் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

இது ஏதோ நம் ஊர்க் கொடுமை என்று நினைத்துவிட வேண்டாம். ஐரோப்பாவிலும் நொண்டும் பந்தயக் குதிரையின் காலில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் வரிவரியாகச் சுடுவது படித்த கால்நடை மருத்துவர்களின் சிகிச்சையாகவே இருந்தது. அது நெறிக்கு ஒவ்வாதது என்று பிரிட்டனின் கால்நடை மருத்துவர் அமைப்பு அறிவித்தது 1991இல்தான்.

சூட்டுக்கோல் ஏன் இவ்வளவு காலம் நீடித்தது? பெரியவர் சொன்னதிலேயே பதில் இருக்கிறது. எழுந்துகொள்ளும் மாடு எழுந்துகொள்ளும். நொண்டும் மாட்டில் பாதி, சும்மா கட்டிப்போட்டு ஓய்வு கொடுத்தாலே தேறிவிடும். சூடு போட்ட மாட்டைப் புண் ஆறும் வரை ஏரில் பூட்ட மாட்டார்கள். ஓய்வு குணப்படுத்தும், பெயர் சூட்டுக்கோலுக்குப் போகும். இந்த வரியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஜிம்மியிடம் திரும்பும்போது வேண்டியிருக்கும்.

நம் மரபில் எல்லாமே இப்படி என்று சொல்லவில்லை. 'மாட்டு வாகடம்' என்ற பெயரில் தமிழில் சுவடிகளும் அச்சுப் புத்தகங்களும் உண்டு. நம் காலத்தில் தஞ்சாவூரில் பேராசிரியர் ந. புண்ணியமூர்த்தி மரபுக் கால்நடை மருத்துவத்தைத் திரட்டி, பசுவின் மடிநோய்க்கு ஒரு பூச்சைப் பரப்பினார். சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். தேசிய பால்வள வாரியம் அதை நாடு முழுக்கக் கொண்டு போயிருக்கிறது. அளவு வெளிப்படையாக இருக்கிறது. யார் வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம், சோதிக்கலாம், தப்பு என்றால் தப்பு என்று சொல்லலாம். எத்தனை ஆயிரம் ஆண்டு என்ற பேச்சே அதற்குத் தேவைப்படவில்லை.

சீனக் குதிரையும் கலிஃபோர்னியா நாயும்

இப்போது ஊசியின் சொந்த ஊருக்குப் போவோம். சீனாவில் விலங்குகளுக்கு ஊசி போட்டதற்குப் பழைய நூல் ஆதாரம் உண்டு. மிங் காலத்தில் யூ பென்யுவான், யூ பென்ஹெங் என்ற சகோதரர்கள் 1608இல் தொகுத்த குதிரை மருத்துவ நூல் புகழ்பெற்றது. ஆனால் அந்த ஊசியை இன்றைக்கு ஜிம்மிக்குப் போட்ட மயிரிழை ஊசி என்று நினைத்தால் ஏமாந்து போவோம். குதிரை மருத்துவத்தில் ஊசி என்ற சொல்லுக்குள் ரத்தம் வாங்கும் கூர்முனையும், தீயில் காய்ச்சிய ஊசியும், சுடும் இரும்பும் அடக்கம். பூந்தமல்லிச் சூட்டுக்கோலுக்கு அது தூரத்துச் சொந்தம். குதிரைக்கென்று குறித்த இடங்கள் மனித உடம்பின் நாடிக்கோடுகளோடு இணைக்கப்படவும் இல்லை. குதிரை, மாடு, ஒட்டகம் என்று உழைக்கிற, போருக்குப் போகிற விலங்குகளுக்கான மருத்துவம் அது. வீட்டு நாய்க்கு அங்கே இடமில்லை.

'அக்குபங்சர்' என்ற சொல்லும் சீனத்துச் சொல் கிடையாது. ஊசி, குத்து என்ற இரண்டு லத்தீன் சொற்களின் சேர்க்கை. ஜப்பானில் வேலை பார்த்த டச்சு மருத்துவர் வில்லெம் டென் ரைன 1683இல் வெளியிட்ட நூல் வழியாக ஐரோப்பாவில் பரவியது.

இந்தியாவுக்கு அது வந்த வழி ஒரு தனிக் கதை. 1938இல் ஜப்பானோடு போரிட்டுக்கொண்டிருந்த சீனாவுக்குக் காங்கிரஸ் ஐந்து மருத்துவர்களை அனுப்பியது. அதில் கோட்னிஸ் அங்கேயே 1942இல் இறந்து போனார், அவர் பெயர் பலருக்குத் தெரியும். அந்த ஐவரில் இன்னொருவர் கல்கத்தாவைச் சேர்ந்த டாக்டர் பிஜய் குமார் பாசு. 1958இல் மறுபடி சீனா போய் அக்குபங்சர் கற்றுக்கொண்டு, 1959இல் கல்கத்தாவில் தொடங்கினார். இந்திய அக்குபங்சரின் தொடக்கம் அதுதான் என்று பொதுவாகச் சொல்வார்கள். அதுவும் மனிதருக்குத்தான்.

நாய் எப்போது வந்தது? 1971 ஜூலையில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்டனுக்குப் பீக்கிங்கில் குடல்வால் அறுவை நடந்தது. மரத்துப்போகும் ஊசி மருந்து போட்டுத்தான் அறுத்தார்கள். அடுத்த நாள் ராத்திரி வயிறு உப்பிசம் தாங்காமல் தவித்தபோது அக்குபங்சர் செய்தார்கள், சுகமாக இருந்தது என்று ஜூலை 26 இதழில் எழுதினார். மயக்க மருந்தில்லாமல் ஊசி குத்தியே ஆபரேஷன் நடந்தது என்று இந்தச் சம்பவத்தைத் திரித்துச் சொல்பவர்கள் இன்றும் உண்டு. அடுத்த பிப்ரவரியில் நிக்சன் சீனா போனார். அமெரிக்காவில் ஊசி மோகம் பிடித்தது. கலிஃபோர்னியாவில் சிலர் நாய்களுக்கும் குதிரைகளுக்கும் செய்து பார்க்க ஆரம்பித்தார்கள். 1974இல் சர்வதேசக் கால்நடை அக்குபங்சர் சங்கம் உருவானது.

நாய்க்கான புள்ளிகளுக்கு என்ன செய்தார்கள்? மனித உடம்பின் வரைபடத்தை எடுத்து நாயின் உடம்பின் மேல் பொருத்தினார்கள். இதை அந்தத் துறைக்காரர்களே மறைப்பதில்லை, 'இடமாற்றுப் புள்ளி' என்றுதான் சொல்கிறார்கள். பொருத்தும்போது சின்னச் சின்னச் சங்கடங்கள் வந்தன. மனிதனுக்குக் கால் பெருவிரலில் தொடங்கும் நாடிக்கோடு இரண்டு உண்டு. பெரும்பாலான நாய்களுக்குப் பின்னங்காலில் அந்த விரலே இல்லை. மனிதனுக்கு மார்பு முள்ளெலும்பு 12, இடுப்பு முள்ளெலும்பு 5. நாய்க்கு 13, 7. குதிரையின் நவீன வரைபடத்தில் பித்தப்பை நாடி ஓடுகிறது, குதிரைக்குப் பித்தப்பையே கிடையாது. சுவடிப் புகழ் யானைக்கும் கிடையாது.

ஆக, நாய்க்கு இன்று செய்யப்படும் அக்குபங்சரின் வயது ஏறக்குறைய ஐம்பது. நம்ம ஏரியாக்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964. ஆவடி டாங்கி ஃபேக்டரியிலிருந்து முதல் விஜயந்தா வெளியே வந்தது 1965. நாய் அக்குபங்சர் இந்த ரெண்டுக்கும் தம்பி. வேப்பேரியில் 1903இல் தொடங்கிய கால்நடைக் கல்லூரிக்குக் கொள்ளுப் பேரன்.

ஐம்பது வயசு என்றால் மட்டமா?

இல்லை. பென்சிலினை யாரும் 5000 ஆண்டுப் பாரம்பரியம் என்று சொல்லி விற்பதில்லை. ஐம்பது வயசுச் சிகிச்சையிடம் நாம் கேட்க வேண்டியது வயசுச் சான்றிதழை விட்டுவிட்டு, வேலை செய்கிறதா என்பதைத்தான்.

கொஞ்சம் வேலை செய்கிறது என்று நினைக்க இடம் இருக்கிறது. 1976இல் கனடாவில் புரூஸ் பொமரான்ஸ் எலிகளிடம் காட்டினார்: ஊசி குத்தினால் வலி குறைகிறது, உடம்பின் சொந்த அபின் போன்ற பொருளைத் தடுக்கும் நலாக்சோன் மருந்தைக் கொடுத்தால் அந்தப் பலன் போய்விடுகிறது. நரம்பு வழியாக ஏதோ நடக்கிறது என்பதற்கு இது நல்ல அறிகுறி. நாடிக்கோடு இருக்கிறது என்பதற்கு இது சான்று ஆகாது.

ஜிம்மி மாதிரி நாய்களைப் பற்றி 2010இல் பிரேசிலிலிருந்து ஒரு ஆய்வு வந்தது. வட்டு விலகி, 48 மணி நேரத்துக்கு மேல் கடுமையாகப் பாதிக்கப்பட்ட 40 நாய்கள். மின்சாரம் சேர்த்த அக்குபங்சர் செய்த 19இல் 15 தேறின. அறுவை மட்டும் செய்த 10இல் 4. இரண்டும் செய்த 11இல் 8. இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மறுநாள் நிதானமாகப் படித்தபோதுதான் கவனித்தேன்: நாய்களைக் குலுக்கிப் போட்டுக் குழுவாகப் பிரிக்கவில்லை, அறுவைக் குழு பழைய கேஸ் பதிவுகளிலிருந்து எடுத்தது, எண்ணிக்கையும் சின்னது. 2006இல் ஹபாஹெர், பிட்லர், எர்ன்ஸ்ட் மூவரும் அதுவரை வந்த 31 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, பரிந்துரைக்கவோ தள்ளிவிடவோ போதிய ஆதாரம் இல்லை, மேலும் ஆராயத் தகுந்தது என்று முடித்திருந்தார்கள்.

இன்னொரு ஆய்வு என்னையே கண்ணாடியில் காட்டியது. நாய்க்கு மருந்தின் மேல் நம்பிக்கை கிடையாது, அதனால் அதனிடம் போலி மருந்து பலிக்காது என்று அடிக்கடி சொல்வார்கள். நாய்க்குக் கிடையாது சரி, நாய் வைத்திருப்பவருக்கு? 2012இல் மூட்டுவலி உள்ள 58 நாய்களுக்கு, மருந்தே இல்லாத மாத்திரை கொடுக்கப்பட்ட காலத்தில், நடையை அளக்கும் கருவியையும் மனிதர் சொன்னதையும் ஒப்பிட்டார்கள். கருவியில் முன்னேற்றம் தெரியாதபோதும் பாதிக்கு மேற்பட்ட தடவை நாய்க்காரர்கள் நல்லா இருக்கு என்றார்கள். மருத்துவர்களும் 40 சதவீதத்துக்குக் குறையாமல் ஏமாந்தார்கள். பூந்தமல்லிப் பெரியவரின் மாடு ஞாபகம் வருகிறதா?

ஜிம்மிக்கு வாரம் ஒன்று வீதம் ஆறு தடவை ஊசி போட்டோம். முதல் தடவை பயந்தான். மூன்றாவது தடவை முதுகில் ஊசிகளோடு தூங்கிவிட்டான். நாலாவது வாரம் வாலை ஆட்டினான், ஆறாவது வாரம் கோணல்மாணலாக நாலடி நடந்தான். இன்று ஓடுகிறான், ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்து. ஊசியாலா, மாத்திரையாலா, ஆறு வாரம் அசையாமல் கிடந்ததாலா? எனக்குத் தெரியாது. டாக்டரம்மாவிடம் கேட்டேன். "எனக்கும் தெரியாதுங்க. வலி குறைஞ்சு நிம்மதியா தூங்கினான், அது மட்டும் நல்லா தெரிஞ்சுது" என்றார். அந்தப் பதிலுக்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது.

எழுதாமல் விட்டது

கடைசியில் சொல்வதாகச் சொன்ன விஷயம் இது. சித்தி அந்த நோட்டீஸை அனுப்பியபோது நான் ஒரு கும்பிடு பொம்மை மட்டும் போட்டு விட்டுவிட்டேன். அன்பாக அனுப்பியதைப் பிய்த்துக் காட்டி என்ன ஆகப்போகிறது என்று நினைத்தேன். தேடிக் கண்டுபிடித்ததையும் அவரிடம் சொல்லவில்லை.

தை மாதம் சித்தி வீட்டு டைகருக்குப் பின்னங்கால் தளர்ந்தது. நாட்டு நாய், எட்டு வயசு, அதுவரைக்கும் ஒரு நாள் படுத்ததில்லை. ஜிம்மி ஊசியில்தானே எழுந்தான் என்று சித்தி அதே நோட்டீஸில் இருந்தவரிடம் கொண்டு போனார். அவர் மனிதர்களுக்குச் செய்பவர், கால்நடை மருத்துவம் படித்தவர் இல்லை. விரலை அழுத்திப் பார்க்கவில்லை, ரத்தம் எடுக்கவில்லை. பத்து நாள் ஊசி. பதினோராம் நாள் மூக்கில் ரத்தம் வந்தபோதுதான் எனக்கு ஃபோன் வந்தது. கால்நடை மருத்துவர் ரத்தப் பரிசோதனை செய்து உண்ணிக் காய்ச்சல் என்றார். நம் பக்கத்தில் நாய்களுக்குச் சர்வசாதாரணமாக வருவது, ஆரம்பத்திலேயே பார்த்தால் விலை குறைந்த மாத்திரையில் கேட்கக்கூடியது. டைகருக்கு நேரம் தாண்டியிருந்தது. ரெண்டாம் நாள் போய்விட்டான்.

"மூவாயிரம் வருஷமா இருக்கறதுன்னு போட்டிருந்தாங்களேப்பா, தப்பா இருக்குமான்னு நெனச்சேன்" என்று சித்தி அழுதார். நான் பதில் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதை ஆறு மாதத்துக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டும்.

அதனால் இப்போதாவது சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். நாய்க்குப் பின்னங்கால் தளர்வது ஒரு நோயின் பெயர் கிடையாது, பல நோய்களின் அறிகுறி. வட்டு, உண்ணிக் காய்ச்சல், அடிபட்டது, ஏன், வெறிநாய்க்கடி நோயும் சில சமயம் இப்படித் தொடங்கும். அப்படிப்பட்ட நாயைத் தெரியாமல் தொட்டு ஊசி குத்துகிறவருக்கும் ஆபத்து. முதலில் கால்நடை மருத்துவர் பார்க்க வேண்டும், அதுவும் அன்றைக்கே.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. மத்திய சுகாதார அமைச்சகம் 2003இல் அக்குபங்சரை ஒரு சிகிச்சை முறையாகவும், 2019 பிப்ரவரியில் தனி மருத்துவ முறையாகவும் ஏற்றது உண்மை. அவை மனிதர்களின் சிகிச்சைக்கான ஆணைகள். விலங்குகளுக்கு இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டம், 1984 இருக்கிறது. அதன் 30ஆம் பிரிவுப்படி பதிவு பெற்ற கால்நடை மருத்துவர்தான் கால்நடை மருத்துவம் செய்யலாம். ஊசி போடுகிறவரிடம் பதிவு எண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. நோய் என்னவென்று யார் கண்டுபிடித்தார்கள், மாத்திரையை நிறுத்தச் சொல்கிறீர்களா, எத்தனை தடவையில் மாற்றம் தெரியவில்லை என்றால் விட்டுவிடலாம் என்றும் கேளுங்கள். நல்ல மருத்துவர் கோபப்பட மாட்டார். எங்கள் டாக்டரம்மா இதையெல்லாம் நாங்கள் கேட்காமலே சொன்னார்.

போன வாரம் சித்தி வீட்டு வாசலில் ஒரு குட்டி வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. கறுப்பும் வெள்ளையும், இன்னும் பேர் வைக்கவில்லை. தடுப்பூசிக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். திரும்பி வரும்போது ஆட்டோவில் யானைச் சுவடிக் கதையைச் சித்திக்கு முழுசாகச் சொன்னேன். பித்தப்பை இடத்தில் மட்டும் சிரித்தார். அப்புறம் குட்டியின் காதை மடித்து, உண்ணி இருக்கிறதா என்று தேட ஆரம்பித்தார்.